படித்தது பரீட்சையில் வராமல் போவது ஏன்? வரலாறு, தமிழ், உளவியல் படிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ கலைப்பிரிவு மாணவர்கள், பி.ஏ., பி.எட். படிப்பவர்கள், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகிறவர்கள், வேலைக்குச் சேர்ந்து புதிதாகத் தொழில் கற்பவர்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். படிக்கும் நேரம் குறைவு என்பதைவிட, படிக்கும் விதம் நினைவின் போக்குக்கு எதிராக இருக்கிறது என்பதே பெரும்பாலும் சிக்கல். அந்த விதத்தை மாற்றுவது எப்படி என்பதைப் பற்றியவை கீழே உள்ள பதில்கள்.

நான்கு முறை வாசித்தேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது. விடைத்தாளில் ஏன் வரவில்லை?

வாசிக்கும்போது நடப்பது அடையாளம் காண்பது. தேர்வு கேட்பதோ எதுவும் கண்முன் இல்லாதபோது தேடி எடுத்துத் தருவதை. ஒன்றைப் பழகினால் மற்றது தானாக வந்துவிடாது. மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் தடங்கல் இல்லாமல் ஓடும். அந்த ஓட்டத்தைத்தான் ‘தெரிந்துவிட்டது’ என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு உரைநடைப் பகுதி கொடுக்கப்பட்டது. ஒரு குழு நான்கு சுற்றும் வாசித்தது. சராசரியாக ஒருவர் 14 முறை வாசித்திருந்தார். இன்னொரு குழு ஒரே சுற்று வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் எதையும் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது. இவர்கள் வாசித்தது சராசரியாக 3 முறைக்குச் சற்று மேல். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழு 83 சதவீதமும் எழுதிய குழு 71 சதவீதமும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. ‘ஒரு வாரம் கழித்து நன்றாக நினைவில் இருக்கும்’ என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்த குழுவினர்தான்.

பரீட்சைக்கு முந்தைய இரவு வாசித்ததை மறுநாள் காலை ஓரளவு எழுதிவிட முடிவதற்கும், அதே பாடம் அரையாண்டுத் தேர்வில் புதிதாகத் தெரிவதற்கும் காரணம் இந்தச் சோதனையிலேயே இருக்கிறது.

அப்படியானால் ஒரு பாடத்தை எப்படிப் படிப்பது?

நான்கு அல்லது ஐந்து பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பாடத்தையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். ஒருமுறை பொறுமையாக, புரிந்து வாசியுங்கள். புரியாத இடத்தை அப்போதே ஆசிரியரிடமோ நண்பரிடமோ கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். புரியாததை நினைவில் வைப்பது பல மடங்கு உழைப்பு.

பிறகு புத்தகத்தை மூடி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வெற்றுத் தாளில் நினைவில் இருப்பதையெல்லாம் பத்து நிமிடம் எழுதுங்கள். வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை. பெயர், ஆண்டு, காரணம், அம்புக்குறி போதும். நின்றுபோகும் இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். அந்த ஒன்றிரண்டு நிமிடத் தவிப்பில்தான் படிப்பு நடக்கிறது. முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறியதையும் சிவப்பு மையில் அதே தாளில் எழுதுங்கள். கடைசியாக, சிவப்பில் உள்ளவற்றுக்கு மட்டும் ஒரு கேள்வி எழுதி வையுங்கள். அடுத்த முறை தொடங்க வேண்டியது அந்தக் கேள்விகளிலிருந்து. பாடத்தின் முதல் வரியிலிருந்து அல்ல.

பிழை நேரும் இடங்கள் மூன்று. முதலாவது, மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது. மனத்துக்குள் சொல்லும்போது பாதியில் விட்டதும் முழுதாகச் சொன்னதாகவே தோன்றும். எழுதுங்கள் அல்லது வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டாவது, எழுதிய பின் ஒப்பிடாமல் விடுவது. தவறாக எழுதியது அப்படியே ஊறிவிடும். மூன்றாவது, முதல் நாள் பத்தில் நான்குதான் வந்தது என்று மனம் விட்டுவிடுவது. நான்கு வருவது இயல்பே. மீதி ஆறு எவை என்பதைத் தாள் காட்டிக்கொடுத்துவிட்டது, அதுதான் பலன்.

எத்தனை நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்?

தேர்வு எப்போது என்பதைப் பொறுத்தது. செபேடாவும் அவர் குழுவினரும் 2008இல் 1,300க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்வில், ஒருமுறை படித்தவர்கள் எத்தனை நாள் விட்டு மறுமுறை படித்தால் இறுதிச் சோதனையில் அதிகம் நினைவிருக்கிறது என்று பார்த்தார்கள். சோதனை ஒரு வாரத்தில் என்றால் 1 நாள் இடைவெளி நன்றாக இருந்தது. 35 நாளில் என்றால் 11 நாள், 70 நாளில் என்றால் 21 நாள். தேர்வு தள்ளிப்போகப் போக இடைவெளியும் நீள வேண்டும்.

பள்ளி, கல்லூரிப் பாடத்துக்கு நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: படித்த மறுநாள், அதிலிருந்து 3 அல்லது 4 நாள் கழித்து, பிறகு 10 நாள் கழித்து, பிறகு மாதம் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் மூடி எழுதுவதுதான் திருப்புதல். முதல் முறை அரை மணி நேரம் ஆனது நான்காம் முறை ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு நாள் தவறினால் குடிமுழுகிவிடாது. நான்காம் நாள் பார்க்க வேண்டியதை ஆறாம் நாள் பார்த்தால் சற்றுக் கடினமாக இருக்கும், அவ்வளவுதான். அட்டவணையைத் தவறவிட்டோம் என்று முழுவதையும் கைவிடுவதுதான் உண்மையான இழப்பு.

‘ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துவிடும்’ என்று சொல்கிறார்களே, உண்மையா?

அந்தக் கணக்கு ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்காஸ் 1885இல் வெளியிட்டதிலிருந்து வருகிறது. அவர் தம்மையே சோதித்துக்கொண்டார். பொருளே இல்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, குறித்த நேரம் கழித்து அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம், ஒரு நாள் கழித்து 34, ஆறு நாள் கழித்து 25, ஒரு மாதம் கழித்து 21.

ஆக, 34 என்பது மீண்டும் கற்கும்போது மிச்சமான உழைப்பு. ‘நூறில் 66 விஷயம் அழிந்தது’ என்று படிப்பது தவறு. மேலும் அவை பொருளற்ற அசைகள். அவரே ஆங்கிலக் கவிதை அடிகளை மனப்பாடம் செய்தபோது, அதே நீளமுள்ள அசைகளுக்குத் தேவைப்பட்டதில் சுமார் பத்தில் ஒரு பங்கு உழைப்பே போதுமானதாக இருந்தது. பொருளும் சந்தமும் உள்ள பாடங்களைப் படிப்பவர்கள் அந்த மறதிக் கணக்கைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

அவர் கண்டதில் மாணவர்களுக்கு இதைவிடப் பயன்படுவது இன்னொன்று. ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பழகியதன் பலனை, மூன்று நாளில் பிரித்து 38 முறை சொன்னபோதே அவர் பெற்றார்.

வரலாற்றில் ஆண்டுகள் எல்லாம் குழம்புகின்றன. என்ன செய்வது?

ஆண்டுகளைத் தனித்தனி எண்களாகப் படித்தால் குழம்பத்தான் செய்யும். முதலில் ஏழெட்டு நங்கூர ஆண்டுகளை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நவீன இந்திய வரலாற்றுக்கு 1600 (கிழக்கிந்தியக் கம்பெனி), 1757 (பிளாசி), 1799 (திப்பு வீழ்ந்தது), 1857 (பெரும் கிளர்ச்சி), 1885 (காங்கிரஸ்), 1919 (ஜாலியன்வாலாபாக்), 1947 போதும். மற்றதையெல்லாம் இவற்றுக்கு முன்னா பின்னா, எவ்வளவு தூரம் என்று வையுங்கள்.

அடுத்து, காரணத்தால் கோத்துப் படியுங்கள். வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10. ஏன் வேலூர்? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கொல்லப்பட்ட பின் அவர் பிள்ளைகளை ஆங்கிலேயர் வைத்திருந்தது வேலூர்க் கோட்டையில். ஏன் அந்த நேரம்? சிப்பாய்கள் சமயக் குறிகள் இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. எப்படி அடங்கியது? ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தார். பின்விளைவு? சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டார். அதே 1799இல் அக்டோபர் 16 கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். 1799, 1801, 1806 என்ற மூன்று எண்ணும் இப்போது ஏழே ஆண்டில் நடந்த ஒரே கதையாகிவிடுகின்றன. 1806 மறந்தாலும் ‘திப்பு இறந்து ஏழாண்டு’, ‘1857க்கு அரை நூற்றாண்டு முன்’ என்ற இரு வழியிலும் போய் எடுக்கலாம்.

ஒன்றுபோல் தெரியும் இரண்டை ஒரே நாளில் அடுத்தடுத்துப் புதிதாகப் படிப்பதுதான் குழப்பத்துக்கு முதற்காரணம். தண்டி யாத்திரையும் வேதாரண்யம் யாத்திரையும் அப்படிப்பட்டவை. முதலில் ஒன்றை உறுதியாக்குங்கள்: காந்தி 1930 மார்ச் 12 சபர்மதியில் புறப்பட்டு ஏப்ரல் 6 தண்டியில் உப்பெடுத்தார். அது பிசகாமல் வந்த பிறகே இரண்டாவது: ராஜாஜி ஏப்ரல் 13 திருச்சியில் புறப்பட்டு ஏப்ரல் 30 வேதாரண்யத்தில் உப்புச் சட்டத்தை மீறினார். ஏப்ரல் 13 ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த தேதியும் என்பதால் அது ஒரு கொக்கி. இரண்டும் வந்த பின் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டைக் கேள்வியாக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேய வாசகர்களிடம் கொடுத்துப் பலமுறை திரும்பச் சொல்லச் சொன்னார். 1932இல் வெளிவந்த அவர் முடிவு: பழக்கமில்லாத விவரங்கள் உதிர்ந்தன, சில தங்களுக்குப் பழகிய பொருளாக மாறின, கதை அவர்கள் ஊர்க் கதையைப் போல் ஆகிக்கொண்டே வந்தது. வரலாற்றுக் கட்டுரையிலும் இதுவே நடக்கிறது. திரைப்படத்தில் பார்த்த காட்சியும் வசனமும் பாடப் பகுதிக்குள் புகுந்துவிடும், எழுதுபவருக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிடும் படியை விடக்கூடாது.

செய்யுளை அடிபிறழாமல் எழுத வேண்டும். எளிதாக மனப்பாடம் செய்ய வழி உண்டா?

நம் செய்யுளே நினைவுக்காகக் கட்டப்பட்டதுதான். அந்தக் கட்டுமானத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குறளில் முதலடி நான்கு சீர், இரண்டாமடி மூன்று சீர். எண்ணிப் பார்த்து ஆறு சீர்தான் வந்தால் ஒன்று விடுபட்டிருக்கிறது. இரண்டாமடி வராமல் நின்றால் முதலடியின் முதற்சொல்லில் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலான குறள்களில் எதுகை கைகொடுக்கும்: அகர – பகவன், நெருநல் – பெருமை. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம், ஆகவே வரிசை தானாக நிற்கும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்திக் காட்டினார். நினைவைப் பயிற்சியால் வளர்க்கும் மரபு இந்த மொழியில் வெகு ஆழமானது.

செய்ய வேண்டியது இது. முதலில் பொருள் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு சீர் பிரித்து இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். பத்துப் பதினைந்து அடிப் பாட்டு என்றால் இரண்டிரண்டு அடியாகப் பிரியுங்கள். எல்லோரும் முதலிலிருந்தே தொடங்குவதால் முதல் நான்கடி நூறு முறை சொல்லப்பட்டிருக்கும், நடுப்பகுதி பலவீனமாக இருக்கும். எந்த வரிசையிலும் நடுவில் இருப்பதுதான் முதலில் மறக்கும். அதனால் கடைசி இரண்டடியிலிருந்து தொடங்குங்கள். அது வந்ததும் அதற்கு முந்தைய இரண்டடியைச் சேர்த்து இறுதிவரை சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய அடியில் தொடங்கி நன்கு தெரிந்த அடிகளில் போய் முடிப்பதால் நடுவில் அறுந்துபோவது குறையும்.

தேர்வில் ‘உலகு’ என முடியும் குறளை எழுதுக என்று கேட்பார்கள். எப்போதும் தொடக்கச் சொல்லிலிருந்தே பழகியவருக்கு முடிவுச் சொல் எதையும் நினைவூட்டாது. எனவே முடிவுச் சொல்லை ஒரு பக்கமும் குறளை மறுபக்கமும் எழுதித் தனியாகப் பழக வேண்டும். ஒரே சொல்லில் முடியும் குறள்கள் பல உண்டு. ‘பகவன் முதற்றே உலகு’, ‘வகைதெரிவான் கட்டே உலகு’, ‘பெருமை உடைத்துஇவ் வுலகு’ என மூன்றை உடனே சொல்லலாம். உங்கள் பாடப்பகுதியில் இருப்பது எது என்பதையும் அந்த அட்டையிலேயே குறியுங்கள்.

ஒப்பிப்பதோடு நிறுத்தாதீர்கள். வாய் சொல்லும்போது ல, ள, ழ வேறுபாடும் ஒற்று மிகும் இடமும் மறைந்துவிடும். மதிப்பெண் குறைவது அங்கேதான். ஐந்து முறை சொன்னால் ஒருமுறையாவது எழுதிப் பாருங்கள்.

அணி இலக்கணத்தில் ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதிவிடுகிறேன்.

ஒவ்வொரு அணியாக, அதற்கான பாடல்களோடு தனித்தனியாகப் படித்திருப்பீர்கள். அப்படிப் படிக்கும்போது தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது, அடையாளம் காணும் வேலை உங்களுக்கு இல்லை. தேர்வில் தலைப்பு இருக்காது.

நான்கு அணிக்கும் உரிய குறள்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரும் காரணமும் சொல்லுங்கள். ‘வேலொடு நின்றான்’ குறளில் ‘போலும்’ என்ற உருபு வெளிப்படையாக இருப்பதால் உவமையணி. ‘அகர முதல’ குறளில் உருபு மறைந்திருப்பதால் எடுத்துக்காட்டு உவமையணி. ‘பீலிபெய் சாகாடும்’ குறளில் உவமை மட்டுமே இருக்கிறது, சொல்ல வந்த பொருளைக் காணோம், அது பிறிதுமொழிதல். ‘கருமமே கட்டளைக்கல்’ என்று செயலை உரைகல்லாக உருவகித்துவிட்டு, பெருமை சிறுமையைப் பொன்னாக உருவகிக்காமல் விட்டது ஏகதேச உருவகம். காரணத்தைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் அது ஊகம், எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

கலந்து படிப்பது கடினமாகவும் மெதுவாகவும் தோன்றும். கோர்னலும் பியோர்க்கும் 2008இல் பல ஓவியர்களின் படங்களைக் காட்டிச் செய்த சோதனையில், கலந்து பார்த்தவர்களே புதிய படத்தைப் பார்த்து ‘இது யார் வரைந்தது’ என்று சரியாகச் சொன்னார்கள். அப்படியும் பலர், ஓவியர்வாரியாகப் பார்த்ததே நல்லது என்று நம்பினார்கள்.

உளவியலில் கலைச்சொற்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன.

வரையறையை ஒப்பிக்காமல், இரண்டைப் பிரிக்கும் ஒரு கேள்வியைக் கண்டுபிடியுங்கள். எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்று என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. முதலில் கேளுங்கள்: அந்த நடத்தை கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. பிறகு கேளுங்கள்: ஏதாவது சேர்க்கப்பட்டதா, நீக்கப்பட்டதா? காரில் சீட் பெல்ட் போட்டதும் எச்சரிக்கை ஒலி நிற்கிறது, அதனால் பெல்ட் போடும் பழக்கம் கூடுகிறது. தொல்லை நீங்கி நடத்தை கூடியதால் அது எதிர்மறை வலுவூட்டல்.

முன்னோக்குத் தடை, பின்னோக்குத் தடை இரண்டுக்கும் கேள்வி ‘எது பாதிக்கப்பட்டது?’ என்பது. பழைய பாடம் புதியதைக் கெடுத்தால் முதலாவது. புதியது பழையதைக் கெடுத்தால் இரண்டாவது. ஒவ்வொரு சொல்லுக்கும் புத்தகத்தில் இல்லாத இரண்டு எடுத்துக்காட்டும், பார்க்க அதுபோலத் தெரிந்தும் அது அல்லாத ஒன்றும் எழுதுங்கள். மூன்றாவதை எழுத முடிந்தால் சொல் பிடிபட்டுவிட்டது.

பெயர்களையும் சரியாக இணையுங்கள். பாவ்லோவுக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆய்வுக்கு, ஆக்கநிலையுறுத்தத்துக்கு (ஓர் ஒலியைக் கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறப் பழக்குவது போன்றது) அல்ல. குறுகியகால நினைவில் ஒரே நேரத்தில் நிற்கும் விஷயங்கள் ஏழு, கூடக்குறைய இரண்டு என்பது மில்லர் 1956இல் எழுதியது. கோவன் 2001இல் அதைச் சுமார் நான்கு என்று மதிப்பிட்டார். இரண்டையும் ஆண்டோடு எழுதினால் விடை நிறைவாக இருக்கும்.

அட்டையில் எழுதிப் படிப்பது எப்படி?

ஏ4 தாளை எட்டாகக் கிழித்தால் போதும், கடையில் வாங்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை, ஓர் அட்டைக்கு ஒரே விஷயம். ‘வேலூர்ப் புரட்சி’ என்று மட்டும் எழுதிய அட்டை பயன்படாது. எது வந்தால் சரி என்று உங்களுக்கே தெரியாது. ‘1806இல் திப்புவின் பிள்ளைகள் ஏன் வேலூரில் இருந்தார்கள்?’ என்பது நல்ல அட்டை.

செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பிரபலமாக்கிய பெட்டி முறையை இப்படி எளிமையாக்கலாம். ஐந்து உறைகள். முதல் உறை தினமும், இரண்டாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது நான்கு, நான்காவது எட்டு, ஐந்தாவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை. சரியாகச் சொன்னால் அடுத்த உறைக்குப் போகும், தவறினால் முதல் உறைக்குத் திரும்பும்.

பலர் இதைப் பத்தே நாளில் விடுவதற்குக் காரணம் பேராசை. தினமும் 15 புதிய அட்டை என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து முறை வரும் என்பதால், சில வாரத்தில் தினமும் 75 அட்டையைப் பார்க்க வேண்டியிருக்கும். அது பதினைந்து நிமிட வேலை, தாங்கும். முதல் வார உற்சாகத்தில் தினமும் 50 எழுதினால் ஒரு நாளைக்கு 250 வந்து நிற்கும்.

ஹைலைட்டர், நோட்ஸ் எடுப்பது, ‘நான் பார்த்துக் கற்பவன்’ என்பதெல்லாம்?

டன்லாஸ்கி குழுவினர் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டபோது, தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. கோடு போடுவது, மறுபடி வாசிப்பது, சுருக்கம் எழுதுவது மூன்றும் கீழ்நிலையில். கோடு போடுவதில் தீங்கில்லை, அதோடு படித்து முடித்ததாக எண்ணுவதில்தான் தீங்கு. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே எடுக்கும் நோட்ஸ் பெரும்பாலும் நகலெடுப்பு. மூடிவைத்து எடுத்தால் பலன் உண்டு. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் நன்மை உண்டு என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2008இல் வெளியான பாஷ்லர் குழுவின் மதிப்பாய்வு சொன்னது. வரைபடத்தைப் பார்த்தும் செய்யுளைக் கேட்டும் கற்பது பாடத்தின் தேவை, எல்லோருக்கும் பொது.

தேர்வுக்கு இரண்டே நாள்தான் இருக்கிறது. இப்போது என்ன?

புதிய பாடம் தொடங்காதீர்கள். பழைய கேள்வித்தாள்களில் அடிக்கடி வந்த நெடுவினாக்கள் பத்தை எடுத்து, ஒவ்வொன்றின் விடைக்கும் உரிய தலைப்புகளை மட்டும், புத்தகத்தைப் பார்க்காமல், எழுதுங்கள். வராததை மட்டும் வாசியுங்கள். மறுநாள் அதே பத்தையும் வேறு வரிசையில். இரவு தூக்கத்தை வெட்ட வேண்டாம். கற்றது நினைவில் படிவதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. கண்விழித்துப் படித்த இரண்டு பாடம், தூங்கி எழுந்திருந்தால் வந்திருக்கும் நான்கு பாடத்தைக் கெடுக்கும்.

தேர்வறையில் திடீரென்று ஒன்றுமே வரவில்லை என்றால்?

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கேள்வித்தாள் வாசிக்க 10 நிமிடம் தருகிறார்கள். அதில் நன்கு தெரிந்த கேள்விகளை முதலில் கண்ணால் குறித்துக்கொண்டு அவற்றிலிருந்து தொடங்குங்கள். வராத கேள்வியில் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். இடம் விட்டுவிட்டு நகருங்கள். திரும்பி வரும்போது விடையை நேராகத் தேடாமல் அதைச் சுற்றியிருப்பவற்றைத் தேடுங்கள்: யார், எந்த ஊர், அதற்கு முன் என்ன நடந்தது, செய்யுள் என்றால் எதுகை என்ன. காரணத்தால் கோத்துப் படித்தவருக்குப் பல வாசல் திறந்திருக்கும்.

பிள்ளையை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறோம். அழுகையில் முடிகிறது.

கேள்வி கேட்டதும் பத்து நொடி பேசாமல் இருங்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் நொடியில் பெற்றோரே விடையைச் சொல்லிவிடுகிறார்கள் அல்லது திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். வராவிட்டால் முதலெழுத்தையோ காரணத்தையோ துப்பாகக் கொடுங்கள். தவறான விடையை அமைதியாகத் திருத்துங்கள். உறுதியாக நம்பிச் சொன்ன தவறு உடனே திருத்தப்பட்டால் சரியான விடை நன்றாகப் பதிகிறது என்று பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001இல் காட்டியிருக்கிறார்கள். புத்தக வரிசையில் கேட்காதீர்கள், கலைத்துக் கேளுங்கள். ‘ஒப்பி’ என்பதைவிட ‘எனக்குப் புரியும்படி சொல்லு கண்ணு’ என்று கேட்டால் புரியாத இடம் தானே வெளிவரும். பதினைந்து நிமிடம் போதும்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு இதற்கு என்ன பயன்?

புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரே நாளில் எட்டு மணி நேரம் பயிற்சி கொடுத்துவிட்டு, மறுவாரம் ‘அன்றே சொன்னோமே’ என்று கடிந்துகொள்வது பல அலுவலகங்களில் வழக்கம். அதே எட்டு மணியை நான்கு நாளாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது முந்தைய நாளிலிருந்து ஐந்து கேள்வி கேட்டால் செலவு கூடாது, பலன் கூடும். நீங்கள் கற்பவராக இருந்தால், மாலையில் புறப்படும் முன் அன்று பார்த்த நடைமுறையின் படிகளைப் பார்க்காமல் எழுதுங்கள். தவறிய படியை மறுநாள் காலை மூத்தவரிடம் கேளுங்கள். அப்படிக் குறிப்பாகக் கேட்பவருக்கு அவரும் பொறுமையாகச் சொல்லித்தருவார்.

ஆனால் வேலையில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யக்கூடாது. 1935 அக்டோபர் 30இல் அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 விமானம் புறப்பட்டதும் விழுந்தது. அனுபவமிக்க விமானி, வானிலைக் கோளாறும் இல்லை. தரையில் நிற்கும்போது வால்பகுதிக் கட்டுப்பாட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள், அதை எடுக்க மறந்துவிட்டார்கள். விமானிகளுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் வழக்கமானது அதன் பிறகே. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கும் 19 அம்சப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. கை ஓயாமல் வேலை நடக்கும்போது, எதிரில் ஆள் நிற்கும்போது உடனே தேவைப்படுவதை நினைவில் வையுங்கள்: அடிக்கடி வருபவரின் பெயர், தினமும் செய்யும் படிகள், ஆபத்து நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது. ஒன்று தவறினாலும் பெரும் சேதம் வரும் நீண்ட வரிசைகளையும், அவ்வப்போது மாறும் விகிதங்களையும் விதிகளையும் தாளில் எழுதி மேசையருகே ஒட்டி, எவ்வளவு பழகினாலும் பார்த்தே செய்யுங்கள். விதி மாறும்போது அந்தத் தாளின் தேதியையும் மாற்றி எழுதுங்கள்.